கடற்கரைச் சரணாலயத்தில் கயிறு கட்டி வழியை மறிப்பது ஏன்?

"நாங்கள் பறவையைத் தொடுவதுகூட இல்லை, தள்ளி நின்றுதான் பார்க்கிறோம். அதில் என்ன கெடுதல்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாம் பக்கத்தில் நிற்பதே கெடுதல்தான். உப்புக்கொத்தி, ஆலா போன்றவை மரத்தில் கூடு கட்டுவதில்லை. மணலில் சிறு பள்ளம் பறித்து முட்டையிடுகின்றன. புள்ளி போட்ட அந்த முட்டைகள் கூழாங்கற்களோடு கலந்துவிடும். மிதித்த பிறகும் தெரியாது.

ஆள் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து ஓடிவிடும். நாம் போகும்வரை திரும்பாது. அதற்குள் வெயிலில் முட்டை வெந்துபோகலாம், காகம் கொத்திப் போகலாம். சில பறவைகள் சிறகு ஒடிந்ததுபோல் நடித்து நம்மைத் திசைதிருப்பும். அதை ரசித்துப் படமெடுப்பவர்கள் உண்டு. கூடு காலடியில் இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். வந்த வழியே மெல்லத் திரும்பிவிடுங்கள்.

உப்புக்கொத்திக் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே இரை தேடி ஓடும். ஆபத்தென்றால் அசையாமல் படுத்துவிடும். ஆகவே குஞ்சு பொரித்ததும் கயிற்றை அவிழ்ப்பது தவறு. அவை பறக்கக் கற்கும்வரை, ஏறத்தாழ ஒரு மாதம், தடுப்பு இருக்கவேண்டும்.

நாயைக் கட்டாயம் கயிற்றில் பிடிக்கவேண்டும். என்னைக் கேட்டால், கூடுகட்டும் பருவத்தில் அழைத்து வராமலிருப்பதே நல்லது.

இந்தச் சாதாரணக் கயிறு பலன் தருமா? கலிபோர்னியாவின் கோல் ஆயில் பாயின்ட் காப்பகத்தில் கயிறு கட்டி, வருவோரிடம் பேசத் தன்னார்வலர்களை நிறுத்தினார்கள். பல ஆண்டுகளாக அங்கே இனப்பெருக்கம் செய்யாதிருந்த உப்புக்கொத்திகள் மீண்டும் குஞ்சு பொரிக்கத் தொடங்கின.