கண்ணிவெடிக்குப் பாகம் விற்ற கம்பெனி: சிறு பங்குதாரர் என்ன செய்யலாம்?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். ராணுவத் தளவாடம் செய்யும் ஒரு கம்பெனியின் பங்குகள் நான்கு வருடங்களாக என்னிடம் உள்ளன. மதிப்பு மூவாயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல். அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் கண்ணிவெடிக்குப் பாகங்கள் கொடுத்தது என்று தெரிந்ததிலிருந்து மனசு ஒப்பவில்லை. விற்றுவிடட்டுமா, அல்லது பங்குதாரராக இருந்தே ஏதாவது செய்ய முடியுமா? ஓய்வூதியக் கணக்கில் இண்டெக்ஸ் ஃபண்டும் இருக்கிறது. சென்னையில் அப்பா பெயரில் உள்ள பங்குகளுக்கும் இதே வழி உண்டா?

பதில்: இப்போதைக்கு விற்க வேண்டாம். நீங்கள் விற்றால் சந்தையில் வேறொருவர் வாங்கிக்கொள்வார். கம்பெனிக்கு ஒரு டாலர்கூடக் குறையாது. ஏன் விற்றீர்கள் என்றும் யாருக்கும் தெரியாது. வைத்திருந்தால் உங்களுக்கு ஒரு உரிமை இருக்கிறது. குறைந்தது 2,000 டாலர் மதிப்புள்ள பங்குகளை மூன்று வருடம் விடாமல் வைத்திருப்பவர், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஒரு தீர்மானத்தை முன்வைக்கலாம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் 14ஏ-8 விதி இதைத் தருகிறது.

ஆயுதத் தொழிலில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. வியட்நாம் போரின்போது டவ் கெமிக்கல் என்ற அமெரிக்கக் கம்பெனி, உடலில் ஒட்டி எரியும் நேபாம் என்ற தீக்குண்டுப் பொருளைத் தயாரித்தது. மனித உரிமைகளுக்கான மருத்துவக் குழு என்ற அமைப்பு அன்பளிப்பாக வந்த ஒரு சில பங்குகளை வைத்துக்கொண்டு, மனிதர்கள் மேல் பயன்படுத்தப்படாது என்ற உறுதி இல்லாமல் நேபாமை விற்கக் கூடாது என்று 1968இல் தீர்மானம் கொடுத்தது. கம்பெனி மறுத்தது, ஆணையமும் தலையிடவில்லை. வழக்கு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. தன் பணம் எதற்குப் பயன்படுகிறது என்று மனசாட்சியின் பேரில் கேட்கும் பங்குதாரரை அப்படித் தள்ளிவிட முடியாது என்கிற திசையில் 1970இல் தீர்ப்பு வந்தது. டவ் 1971இல் அந்தத் தீர்மானத்தைச் சேர்த்துக்கொண்டது. கிடைத்த ஆதரவு 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆனாலும் அதற்குப் பிறகு அமெரிக்காவில் இப்படிக் கேட்ட ஒவ்வொருவரும் அந்த மருத்துவர்கள் திறந்த வழியில்தான் நடந்தார்கள்.

கண்ணிவெடி விஷயத்தில் உங்களுக்கு அதிகம் உதவக்கூடியது 1990களின் அனுபவம். கண்ணிவெடியிலோ அதன் பாகங்களிலோ தொடர்பிருந்த 47 அமெரிக்கக் கம்பெனிகளை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு அடையாளம் கண்டு, இனி இதில் ஈடுபட மாட்டோம் என்று எழுதித் தரும்படி கேட்டது. அதன் முடிவுகள் 1997 ஏப்ரலில் வெளியாயின. 17 கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. முதலில் முன்வந்தது மோட்டோரோலா. அலையன்ட் டெக்சிஸ்டம்ஸ், ஜெனரல் எலக்ட்ரிக், லாக்ஹீட் மார்ட்டின், ரேதியான் போன்றவை மறுத்தன. ஒப்புக்கொண்டவற்றில் பல, முழு வெடியைச் செய்தவை அல்ல, சில்லு போன்ற பாகங்களை விற்றவை. இந்த வியாபாரத்தின் கஷ்டமே அங்கேதான். "பொதுவான பாகம்தான் விற்றோம், வாங்கியவர் என்ன செய்தார் என்று எங்களுக்குத் தெரியாது" என்று யாரும் சொல்லிவிடலாம். உங்கள் தீர்மானம் அந்தப் பதிலுக்கு வழியை அடைப்பதாக இருக்க வேண்டும்.

அதனால் "கண்ணிவெடியை ஒழியுங்கள்" என்று எழுதாதீர்கள். அறிக்கை கேளுங்கள். ஆள் மிதித்தால் வெடிக்கும் கண்ணிவெடிகளோடும் அவற்றின் பாகங்களோடும் கம்பெனிக்கு இருந்த தொடர்பு, இன்றைய கொள்கை, பாகத்தை வாங்குபவர் எதற்கு வாங்குகிறார் என்பதைச் சரிபார்க்கும் முறை, இந்த மூன்றையும் நியாயமான செலவில், வணிக ரகசியங்களை விட்டுவிட்டு வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். மொத்தம் ஆங்கிலத்தில் 500 சொற்களுக்குள். "இது அன்றாட வணிக முடிவு", "எங்கள் விற்பனையில் 5 சதவீதம்கூட இல்லை" என்று காரணம் காட்டிக் கம்பெனி ஒதுக்கப் பார்க்கும். இரண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே பதில் எழுதிவிடுங்கள்: விஷயத்தின் எடை விற்பனைத் தொகையில் இல்லை. 2023இல் மட்டும் கண்ணிவெடிகளாலும் போரில் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் இறந்தவர்கள், காயமடைந்தவர்கள் என்று பதிவானவர்கள் 5,757 பேர். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பொதுமக்கள்.

நடைமுறையில் பலர் வழுக்குவது கெடுவில்தான். கூட்டத்துக்கு முன் பங்குதாரர்களுக்குக் கம்பெனி அனுப்பும் வாக்கெடுப்பு ஆவணம் (proxy statement) போன வருடம் வெளியான தேதியைப் பாருங்கள். இந்த வருடம் அதே தேதிக்கு 120 நாள் முன்னால் உங்கள் தீர்மானம் கம்பெனியின் கையில் இருக்க வேண்டும். பங்கு வைத்திருப்பதற்கான புரோக்கர் கடிதம், கூட்டம் வரை விற்க மாட்டேன் என்ற உறுதி, கம்பெனியோடு பேச நீங்கள் தயாராக உள்ள நாட்கள் ஆகியவை கூடவே போக வேண்டும். நண்பர்களின் பங்குகளைச் சேர்த்து 2,000 டாலர் கணக்குக் காட்ட முடியாது, 2020 திருத்தம் அதை நிறுத்திவிட்டது. இந்த விதி இப்போதும் மாற்றங்களுக்கு உள்ளாகி வருகிறது, எனவே தாக்கல் செய்யும் வருடத்து விதியைப் படித்துவிட்டே இறங்குங்கள்.

வாக்குகள் குறைந்தால் மனம் தளர வேண்டாம். ஜெயித்தாலும் இது கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. முதல் முறை 5, அடுத்து 15, அதன்பின் 25 சதவீத ஆதரவு கிடைத்தால் அதே தீர்மானத்தை மறுபடி கொண்டுவரலாம். உண்மையான பலன் பெரும்பாலும் வாக்கெடுப்புக்கு முன்பே வருகிறது: கம்பெனிச் செயலாளர் பேசக் கூப்பிடுவார், எழுத்தில் உறுதி தந்தால் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவீர்களா என்று கேட்பார். உறுதியில் "பாகங்கள்" என்ற சொல் இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், 1971 முதல் இந்த வேலையைச் செய்துவரும் ஐ.சி.சி.ஆர். என்ற மதச் சபைகளின் கூட்டமைப்பை அணுகலாம்.

இண்டெக்ஸ் ஃபண்டு பல கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வாங்கி வைத்திருப்பது. அதில் பங்குதாரர் நீங்கள் அல்ல, ஃபண்டுதான். அதனால் தீர்மானம் கொடுக்க முடியாது. ஃபண்டு எப்படி வாக்களித்தது என்று வருடாவருடம் வெளியிட்டாக வேண்டும். அதை எடுத்துவைத்து அவர்களிடம் கேள்வி கேளுங்கள்.

விற்பது எப்போது உதவும்? விற்பவர் பெரியவராக இருந்து, காரணத்தை ஊரறியச் சொன்னால். சிங்கப்பூரின் ராணுவத் தளவாடக் கம்பெனியான எஸ்.டி. எஞ்சினியரிங்கில் சுமார் பாதிப் பங்கு அரசு நிறுவனமான டெமாசெக்கிடம் இருக்கிறது. அங்கே சிறு பங்குதாரரின் தீர்மானம் எடுபடாது. எண்ணெய் வருமானத்தை முதலீடு செய்யும் நார்வே அரசின் நிதி 2002இல் கண்ணிவெடித் தயாரிப்பைக் காரணம் சொல்லி அந்தக் கம்பெனியைத் தன் முதலீட்டிலிருந்து வெளிப்படையாக விலக்கியது. கண்ணிவெடியும் கொத்துக்குண்டும் இனிச் செய்ய மாட்டோம் என்று கம்பெனி 2015இல் அறிவித்தது. நடுவில் பதின்மூன்று வருடம். நார்வேயால் மட்டுமே இது நடந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெயர் சொல்லி விலக்கியதற்குப் பங்கில்லை என்றும் நினைக்கவில்லை.

அப்பாவின் பங்குகளுக்கு இந்த வழி இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 111இன்படி தீர்மானம் கொண்டுவரப் பத்தில் ஒரு பங்கு வாக்குரிமை வேண்டும். கண்ணிவெடியைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அங்கே கண்ணிவெடித் தயாரிப்பு நீண்ட காலம் அரசுத் தொழிற்சாலைகளிடம் இருந்தது, அவற்றுக்குப் பங்குதாரர் அரசு ஒன்றே. ஆனால் ராணுவத்துக்குப் பாகம் கொடுக்கும் தனியார் கம்பெனியின் பங்கு அப்பாவிடம் இருந்தால், பொதுக்கூட்டத்தில் பேசப் பெயர் பதிவு செய்து இதே கேள்வியை அவர் கேட்கலாம்.

இதில் ஆறப்போட நேரமில்லை. எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகியவை ஒட்டாவா உடன்படிக்கையை விட்டு விலகுவதாக 2025இல் முறைப்படி அறிவித்தன. உக்ரைனுக்குக் கண்ணிவெடி தர அமெரிக்கா 2024 நவம்பரில் சம்மதித்தது. ஆர்டர் வருமுன் கம்பெனி எழுதித் தந்த உறுதிதான் பயன்படும். இதே கேள்விகளைக் கேட்டுக் கம்பெனிக்கு இந்த வாரமே முதல் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள், தீர்மானத்தில் அது வேண்டியிருக்கும்.