மின்னஞ்சலில் தெரியும் முகவரி ஒன்று, இணைப்பு திறக்கும் முகவரி வேறொன்று என்றால் அது மோசடிதானா?

கேட்டிருப்பவருக்கு அப்படியொரு மின்னஞ்சல் வந்து, விரல் இப்போது அதன் மேல் தயங்கிக்கொண்டிருக்கிறது என்றே எண்ணுகிறேன். அழுத்தாதீர்கள். பெரும்பாலும் மோசடிதான், எப்போதும் அல்ல என்பதுதான் தொல்லை.

நான் தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். 2023 ஜூலை கடைசி வாரத்தில், ஊரார் கணக்கையெல்லாம் தாக்கல் செய்து களைத்திருந்த ஓர் இரவில், எனக்கு ரூ. 18,450 வருமான வரி ரீஃபண்ட் காத்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. நீல எழுத்தில், அடிக்கோட்டுடன், 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்று துறையின் முகவரி பிழையில்லாமல் இருந்தது. கைப்பேசியில் அழுத்திவிட்டேன். திறந்த பக்கம் ஏடிஎம் பின் எண்ணைக் கேட்டபோதுதான் உறைத்தது: ரீஃபண்ட் முன்பே சரிபார்த்த வங்கிக் கணக்கில் தானாக வரவாகும், அதற்கு ஏடிஎம் பின் எண் எதற்கு? மேலே பார்த்தால், அந்த 'இன்' என்பதோடு முகவரி முடியவில்லை. ஓர் இடைக்கோடு, அதையொட்டி வேறொரு சொல், கடைசியில் 'டாட் காம்'. பூட்டுப் படமும் இருந்தது. தகவல் மறையாக்கப்பட்டுச் செல்கிறது என்பதற்குத்தான் அது சாட்சி, எதிரில் இருப்பவர் யார் என்பதற்கு அல்ல.

கணக்கு எழுதுகிறவனுக்கே இது தெரியாதா என்று சிலர் கேட்கக்கூடும். தெரியும், முகவரியின் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், உரிமையாளர் யார் என்பது வால்பகுதியில்தான் இருக்கிறது என்று வாடிக்கையாளர்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். கணினியில் எலியின் அம்பை இணைப்பின் மேல் வைத்தாலே உண்மை முகவரி திரையின் கீழ் மூலையில் தெரியும். கைப்பேசியில் விரலை அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்த இரவில் அந்தப் பொறுமை எனக்கு இல்லை. இப்போதெல்லாம் இணைப்பைத் தொடுவதே இல்லை, முகவரியை நானே தட்டச்சு செய்கிறேன்.

ஆனால் என் வங்கியின் உண்மையான மின்னஞ்சலிலும் இணைப்பு நேராக வங்கிக்குப் போவதில்லை. எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று எண்ணுவதற்காக, மொத்தமாக அஞ்சல் அனுப்பும் வேறொரு நிறுவனத்தின் முகவரி வழியாகச் சுற்றிப் போகிறது. வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள், தங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது நல்லதே. இந்தச் சுற்றுவழி இருக்கும்வரை மின்னஞ்சலைப் பார்க்கிறவனுக்கு அதனால் என்ன பயன்? இதை என் வங்கிக்கு எழுதிக் கேட்டேன். புகார் பதிவாகிவிட்டது, நிலையை அறிய இங்கே அழுத்தவும் என்று பதில் வந்தது.