பழம் அடியில், பச்சை மேலே: குளிர்ந்த மட்சா லாட்டே கேள்வி பதில்

எட்டு ஆண்டுகளாக என் சமையலறையில் மட்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளைக் கலந்துவருகிறேன். அதைப் பாலோடு சேர்த்தால் மட்சா லாட்டே. மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி, கொய்யா என்று அந்தந்தப் பருவத்தில் கிடைக்கும் பழங்களோடு சேர்த்துப் பார்த்திருக்கிறேன். சரியாக வந்ததையும் திரிந்துபோனதையும் சேர்த்தே சொல்கிறேன். கேளுங்கள்.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவி): அக்கா, முதன்முறையாகச் செய்யப்போகிறேன். வீட்டில் மாம்பழம் இருக்கிறது. அளவோடு சொல்லித் தருவீர்களா?

பதில்: மாம்பழத்தில் தொடங்குவது நல்லது. நன்றாகப் பழுத்த மாம்பழத்தில் புளிப்பு அடங்கியிருக்கும், பால் எளிதில் திரியாது. நார் இல்லாத பழமாக எடுத்துக்கொள்ளுங்கள். பங்கனப்பள்ளி, அல்போன்சா, இமாம் பசந்த் எல்லாமே ஒத்துவரும். சதையைத் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் அடித்து, அந்தக் கூழில் 3 மேசைக்கரண்டி எடுத்து உயரமான கண்ணாடி டம்ளரின் அடியில் போடுங்கள். ஒரு துளி உப்பும் சேருங்கள். பழத்தின் மணம் எழும்பும். சர்க்கரை இப்போது வேண்டாம். டம்ளர் நிறைய ஐஸ் கட்டி போட்டு, 150 மில்லி குளிர்ந்த பாலை ஐஸின் மேல் விழும்படி மெல்ல ஊற்றுங்கள்.

அடுத்து மட்சா. வெறும் நீரில் குடிப்பதற்கு 2 கிராம் போதும். இங்கே பாலும் பழமும் அதை அமுக்கிவிடும் என்பதால் 3 கிராம் எடுங்கள், அதாவது தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி. டீ வடிகட்டியில் சலித்துச் சிறு கிண்ணத்தில் போட்டு, முதலில் ஒரே ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். திருநீறு குழைக்கும் பதம் வந்த பிறகு மீதி நீரை விடுங்கள். மொத்தம் 50 மில்லிக்கு மேல் போகக் கூடாது. நுரை வரும்வரை அடித்து, பாலின் மேல் சாய்த்து ஊற்றுங்கள். பச்சை, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று அடுக்கு நிற்கும்.

கேள்வி (அதே மாணவி): வெந்நீர் என்றால் எவ்வளவு சூடு? என்னிடம் வெப்பமானி இல்லை.

பதில்: 75 முதல் 80 டிகிரி. கொதிக்கும் நீரை நேராக விட்டால் கசப்பும் துவர்ப்பும் தூக்கலாகிவிடும். வெப்பமானி தேவையே இல்லை. கொதித்த நீரைச் சூடில்லாத ஒரு டம்ளருக்கு மாற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும். அங்கிருந்து இன்னொரு டம்ளருக்கு மாற்றினால் இன்னொரு 10. ஜப்பானிலும் பச்சைத் தேநீருக்கு நீரை இப்படித்தான் பாத்திரம் மாற்றிக் குளிரவைக்கிறார்கள். காபி ஆற்றத் தெரிந்த கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி (திருச்சி, வங்கி ஊழியர்): மூங்கில் மத்து அவசியமா? எனக்கு எப்போதும் கட்டி தட்டுகிறது.

பதில்: கட்டி தட்டுவதற்கு மத்து காரணமில்லை, சலிக்காததுதான் காரணம். மட்சா மிக நுண்ணிய தூள். டப்பாவுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருக்கும், அதை எந்த மத்தும் முழுதாக உடைக்காது. சலித்துவிட்டால் சாதாரண முள்கரண்டியால்கூட அடித்துவிடலாம். பேட்டரியில் சுழலும் சிறிய நுரைக் கருவி இன்னும் எளிது. ஒன்றுமே இல்லையென்றால், மூடி இறுகிய கண்ணாடி பாட்டிலில் சலித்த தூளையும் 60 மில்லி குளிர்ந்த நீரையும் இரண்டு ஐஸ் கட்டியையும் போட்டு அரை நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். குளிர்ந்த நீரில் கசப்பு குறைவாக இறங்கும், மென்மையாக இருக்கும். பாட்டிலில் மட்டும் வெந்நீர் வைத்துக் குலுக்காதீர்கள், ஆவி மூடியைத் தள்ளிவிடும்.

சாசென் என்ற அந்த மூங்கில் மத்தைப் பற்றியும் ஒரு சொல். நாரா மாநிலத்தில் தகாயாமா என்ற ஊரில் பல தலைமுறைகளாக அதைக் கையால் செய்கிறார்கள். ஒற்றை மூங்கில் துண்டை இழை இழையாகப் பிளந்து எடுக்கும் வேலை. ஒன்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். கையில் பிடித்து அடிக்கும்போது மனம் அமைதியாகிறது. ஆனால் அது வரும்வரை லாட்டேயைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி (சேலம், இல்லத்தரசி): ஸ்ட்ராபெர்ரியில் செய்தேன். பால் மோர் மாதிரி திரிதிரியாகிவிட்டது. என்ன தவறு செய்தேன்?

பதில்: நானும் இதில் பல டம்ளர் பாலைக் கொட்டியிருக்கிறேன். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம், அமிலக் குறியீடு (pH, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6க்கு அருகில் இறங்கினால் ஒன்றுசேர்ந்து திரளும். ஸ்ட்ராபெர்ரியின் குறியீடு 3 முதல் 3.5 வரை. எனவே திரிவது பழத்தின் இயல்பு, உங்கள் கைப்பிழை இல்லை. ஆனால் அந்தத் திரிதலைத் தாமதப்படுத்தலாம். கேசீன் குளிரில் மெதுவாகவே திரளும் என்பதால் பால், பழம், டம்ளர் மூன்றும் குளிர்ந்திருக்க வேண்டும். பழம் நீர்த்திருந்தால் உடனே பாலில் கலந்துவிடும், கெட்டியாக இருந்தால் அடியிலேயே தங்கும்.

அதனால் பச்சையாக அரைக்காமல் பாகாக்குங்கள். 200 கிராம் பழத்தை நறுக்கி, 40 கிராம் சர்க்கரை தூவி இருபது நிமிடம் வையுங்கள். சாறு தானாக விட்டுவிடும், தண்ணீர் சேர்க்கவே கூடாது. சிறு தீயில் எட்டு முதல் பத்து நிமிடம், கரண்டியின் பின்புறத்தில் படியும்வரை காய்ச்சி இறக்குங்கள். காய்ச்சினால் புளிப்பு போய்விடாது, கெட்டிப்படும்; நமக்கு வேண்டியது அதுதான். முழுக்க ஆறியபின் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்லும் செய்முறைகளைப் பார்த்திருப்பீர்கள். ரொட்டிக்குத் தடவும் ஜாமுக்கு அது சரி, பாலில் சேரப்போகும் பாகுக்கு வேண்டாம். கலந்த பிறகு பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் குடித்துவிடுங்கள்.

புளிப்புப் பழம் பட்டால் மட்சாவின் பச்சை நிறமும் மங்கி ஆலிவ் நிறத்துக்குப் போகும். அமிலம் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றிவிடுவதால் வரும் மாற்றம் அது. மட்சாவைக் கடைசியில், மேலே ஊற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி (தஞ்சாவூர்): அன்னாசியில் செய்தால் கசக்கிறது. மட்சாவின் கசப்பா?

பதில்: மட்சாவின் மேல் பழி போடாதீர்கள். அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது பாலின் புரதத்தை வெட்டும், வெட்டுப்பட்ட துண்டுகள் கசக்கும். பப்பாளி, கிவி இரண்டுக்கும் இதே குணம் உண்டு. அன்னாசியை ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்த்தால் நொதி செயலிழந்துவிடும். கிவியைக் கொதிக்கவைத்தால் நிறமும் மணமும் போய்விடும், அதை விட்டுவிடலாம்.

கேள்வி (குன்னூர், தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிபவர்): எங்கள் ஊர்ப் பச்சைத் தேயிலையை மிக்ஸியில் நைசாக அரைத்தால் மட்சா ஆகாதா, அம்மா?

பதில்: தேயிலையோடு வாழும் உங்களிடம் சற்று விரிவாகவே சொல்கிறேன். செடி ஒரே இனம்தான், வேறுபாடு வளர்ப்பிலும் பதப்படுத்துவதிலும் இருக்கிறது. மட்சாவுக்கான செடிகளை, பறிப்பதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே பந்தல் போட்டு நிழலில் வைத்துவிடுவார்கள். வெயில் குறைந்ததும் இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். தியனைன் என்ற அமினோ அமிலம், வெயிலில் துவர்ப்புப் பொருளாக மாறாமல் இலையிலேயே தங்கும். மட்சாவில் நாக்கின் அடியில் தெரியும் அந்த இனிமைக்கு மூலம் இதுதான். பறித்ததும் ஆவியில் அவித்து, சுருட்டாமல் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்குவார்கள். அப்போது கிடைப்பது தென்சா. அதைக் கல் இயந்திரத்தில் அரைத்தால் மணிக்கு 40 கிராம்தான் வரும், வேகம் கூடினால் சூடேறி மணம் கெடும்.

உங்கள் தேயிலை வெயிலில் வளர்ந்து, சுருட்டி உலர்த்தியது. அதை மிக்ஸியில் அரைத்தால் மணல் போலப் பல்லில் படும், துவர்க்கும். அதன் அழகு வேறு வகை. குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் குளிர்பெட்டியில் ஊறவைத்து வடிகட்டி, ஸ்ட்ராபெர்ரிப் பாகோடு பால் சேர்க்காமல் ஐஸ் போட்டுக் குடித்துப் பாருங்கள். மட்சாவுக்குப் பதிலாக அல்ல, தனிப் பானமாகவே அது எனக்குப் பிடிக்கும்.

கேள்வி (சென்னை): வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? ‘செரிமோனியல்’ (தேநீர்ச் சடங்குக்கான ரகம்) என்று போட்டிருந்தால் போதுமா?

பதில்: போதாது. ஜப்பானில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான தர வரையறை கிடையாது, விற்பவர் ஒட்டும் அடையாளம்தான். பொருட்பட்டியலில் மட்சாவைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. சர்க்கரையும் பால்தூளும் கலந்த கலவைகள் நிறைய வருகின்றன. விளைந்த ஊர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்: கியோட்டோவின் ஊஜி, ஐச்சியின் நிஷியோ, ஃபுகுவோகாவின் யாமே, ககோஷிமா. நிறம் இளம்புல்லைப் போல இருக்க வேண்டும். பழுப்பு கலந்த மஞ்சள் என்றால் பழைய சரக்கு அல்லது மட்டமான இலை. எனக்கு முதன்முதலில் கிடைத்த டப்பா அப்படித்தான் இருந்தது. மட்சா என்றாலே வைக்கோல் சுவை என்று ஓராண்டு நம்பியிருந்தேன். பழத்தோடு கலக்க மிக உயர்ந்த ரகம் வேண்டாம், நடுத்தர ரகமே போதும். உலகம் முழுவதும் தேவை கூடி, 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் பழம்பெரும் தேயிலைக் கடைகளே ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்தன. அந்த உயர்ந்த ரகத்தை வெறும் நீரில் குடிப்பவர்களுக்கு விட்டுவைப்போம்.

கேள்வி (மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்): ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் தவம் போலப் பருகும் பொருளில் பழத்தைக் கொட்டுவது அதை அவமதிப்பது ஆகாதா?

பதில்: ஐயா, இந்தக் கேள்வி எனக்குள்ளும் நெடுநாள் இருந்தது. சீனத்துக்குப் போய்த் திரும்பிய எய்சாய் என்ற புத்தத் துறவி 1191இல் தேயிலை விதைகளைக் கொண்டுவந்ததாக ஜப்பானிய மரபு சொல்கிறது. தூளாக்கி அடித்துக் குடிக்கும் முறையே சோங் அரச மரபு ஆண்ட காலச் சீனத்தின் பழக்கம். 16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ என்ற ஜப்பானியத் தேநீர் ஆசான் அதற்கு எளிமையின் இலக்கணத்தை வகுத்தார். அந்தச் சடங்கிலும் கிண்ணம் கைக்கு வரும்முன் விருந்தினர் ஓர் இனிப்பைத் தின்றுவிடுவார். நாக்கில் இனிப்பு தங்கியிருக்கும்போதே கசப்பு வந்து சேரும். இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும் அந்த உறவு பழையது. நான் பழத்தை அடியில் வைப்பதும் முழுக்கக் கலக்காமல் குடிக்கச் சொல்வதும் அதற்காகத்தான். ஒரு வாயில் பச்சை, அடுத்த வாயில் பழம் என்று வர வேண்டும். எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துப் பச்சை மில்க்‌ஷேக் ஆக்குவது எனக்கு உடன்பாடில்லை. இலையின் குரலே கேட்காவிட்டால் அத்தனை பேர் உழைப்பு எதற்கு?

கேள்வி (ஈரோடு): இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன், கருவுற்றும் இருக்கிறேன். குடிக்கலாமா?

பதில்: மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் மட்சா வேண்டாம், அம்மா. தேயிலையின் துவர்ப்புப் பொருள்களான பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. பாலும் ஓரளவு தடுக்கும். ஒரு கிராம் மட்சாவில் ஏறக்குறைய 20 முதல் 40 மில்லிகிராம் காஃபீன் உண்டு. இலையை வடிகட்டாமல் முழுவதுமாக விழுங்குகிறோம் என்பதை மறக்க வேண்டாம். கருவுற்றவர்களுக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் என்று பல நாட்டு மருத்துவ அமைப்புகள் வரம்பு வைத்திருக்கின்றன. காபி, டீ எல்லாம் அதில் சேரும். உங்கள் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ஒன்பது வயது மகள் கேட்கிறாள்.

பதில்: நான் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை. அதே டம்ளரில் மாம்பழக் கூழும் பாலும் ஐஸும் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): பால் ஒத்துக்கொள்ளாது. வேறு வழி உண்டா?

பதில்: ஓட்ஸ் பால் நல்ல துணை. தயாரிக்கும்போதே அதன் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால் தானாகவே இனிக்கும். சோயா பால் புளிப்புப் பழத்தோடு திரியும், கவனம். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இளநீர். அடியில் மாம்பழக் கூழ், ஐஸ், 150 மில்லி இளநீர், மேலே மட்சா. திரிய அங்கே பாலே இல்லை. கோடையில் நான் அதிகம் செய்வது இதுதான்.

கேள்வி (புதுச்சேரி): டப்பாவைத் திறந்தபின் எப்படிப் பாதுகாப்பது?

பதில்: வெளிச்சம், சூடு, காற்று, ஈரம் நான்கும் அதற்கு ஆகாது. காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில், மீன் குழம்புக்கும் வெங்காயத்துக்கும் தள்ளி வையுங்கள், மணத்தை உடனே ஈர்த்துக்கொள்ளும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறையின் சூட்டுக்கு வந்தபின் திறந்தால்தான் உள்ளே நீர் கோக்காது. 30 கிராம் டப்பாவாக வாங்கி ஒரு மாதத்தில் முடித்துவிடுங்கள். நாளுக்கு ஒரு டம்ளர் என்றால் பத்து நாளிலேயே தீர்ந்துவிடும்.