வாதி ரம் பாலைவனத்தில் ஓர் இரவு: கேள்வி பதில்

ஜோர்தானின் தெற்கேயுள்ள வாதி ரம் பாலைவனத்தில் உள்ளூர் வழிகாட்டியுடன் இரவு தங்குவது பற்றிச் சிங்கப்பூர் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, நம் ஊர்க் குழுக்களை அங்கே பலமுறை அழைத்துச் சென்ற அன்பர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (ஈசூன்): டிசம்பர் பள்ளி விடுமுறையில் இரண்டு பிள்ளைகளுடன் செல்கிறோம். பாலைவனம்தானே, பருத்தி ஆடைகள் போதாதா, ஐயா?

பதில்: போதவே போதாது. இங்கே பகலின் வெப்பத்தை ஈரக் காற்றும் மேகமும் இரவு முழுவதும் தாங்கிப் பிடித்துக்கொள்கின்றன. அங்கே அவ்விரண்டும் இல்லாததால், சூரியன் மறைந்ததும் மணலும் பாறையும் தம் சூட்டை வேகமாக இழந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, பள்ளத்தாக்கே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் 5 டிகிரிக்குக் கீழே இறங்குவது இயல்பு. சில நாள்களில் உறைநிலையையும் தொடும். உடலை ஒட்டிய வெப்ப உள்ளாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் காற்றுப் புகாத மேலங்கி என்று அடுக்காக அணியுங்கள். முகாமில் கனமான கம்பளிகள் தருவார்கள் என்றாலும், எல்லாக் கூடாரங்களிலும் ஹீட்டர் இருப்பதில்லை. பயண நாளை மாற்ற முடிந்தால் மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர் மாதம் மிக நன்று. ஜூன் விடுமுறையில் பகல் வெயில் 40 டிகிரியை நெருங்கக்கூடும் என்பதால், பிள்ளைகளுக்கு அதைவிட டிசம்பர்க் குளிரே மேல்.

கேள்வி (தெம்பனிஸ்): தேசிய சேவையில் காட்டில் தங்கிப் பழகியவன் நான். வாடகைக் காரில் வழிகாட்டி இல்லாமலே போகலாமா?

பதில்: ரம் கிராமம் வரை தார்ச்சாலை உண்டு, அதற்கப்பால் சாதாரணக் கார் மணலில் புதைந்துவிடும். எனினும், வழிகாட்டி தேவைப்படுவதற்கு வண்டி மட்டுமே காரணமன்று. ஒன்றைப்போலவே மற்றொன்று நிற்கும் செம்பாறைக் குன்றுகளுக்கு நடுவே, நேற்றைய டயர்த் தடத்தைக் காற்று அழித்துவிட்ட நிலையில், புதியவருக்குத் திசை பிடிபடுவது எளிதன்று. குளிர்காலத்திலும் இளவேனிலிலும் எங்கோ தொலைவில் பெய்யும் மழை, அங்கே குறுகிய பாறை இடுக்குகளில் திடீர் வெள்ளமாகப் பாய்ந்து வரும். எந்த இடுக்கில் எப்போது நுழையக் கூடாது என்பதைத் தலைமுறைகளாக அங்கே ஆடுகளையும் ஒட்டகங்களையும் மேய்த்துவரும் ‘பெதுவின்’ எனப்படும் பாலைவன அரபுக் குடும்பத்தினரே அறிவார்கள். ரம் கிராமத்து வழிகாட்டிகளில் பெரும்பாலோர் ஸலாபியா குலத்தவர். 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது, இயற்கைச் சிறப்போடு பண்பாட்டுச் சிறப்பையும் கருதியே சேர்த்தது. ஏறத்தாழ 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 கல்வெட்டுகளும் அங்கே உள்ளன. கஸாலி இடுக்கின் சுவர்களில் சிலவற்றை வழிகாட்டி காட்டுவார்.

ஆகவே ஒரு சிறிய குடும்ப முகாமை நேரடியாகத் தொடர்புகொண்டு, ஜீப் பயணம் எத்தனை மணி நேரம், குடிநீர் கட்டணத்தில் அடங்குமா, முகாமில் எத்தனை பேர் இருப்பார்கள், இரவில் வழிகாட்டியும் உடன் தங்குவாரா என்பவற்றை எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு முகாமைப் பாருங்கள். கண்ணாடிக் குமிழிக் கூடாரங்கள் படத்தில் அழகாகவே தெரிகின்றன. என் கருத்தில் அவை மணலில் வைத்த ஹோட்டல் அறைகள், அவ்வளவுதான்.

கேள்வி (சிராங்கூன்): நாங்கள் சுத்த சைவம். உணவுக்கு என்ன வழி?

பதில்: இரவுணவின் சிறப்பு ‘ஸர்ப்’. அடுக்குத் தட்டுகளில் இறைச்சியையும் காய்கறிகளையும் வைத்து, தணல் நிரப்பிய குழிக்குள் இறக்கி, மூடிமேல் மணலைக் குவித்து இரண்டு மணி நேரம் அளவுக்கு வேகவைப்பார்கள். காய்கறியும் இறைச்சியும் ஒரே குழியில் வேகும் என்பதால், உங்களுக்கெனத் தனியே சமைக்க முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பருப்பு சூப், ஹம்முஸ் (கொண்டைக்கடலை விழுது), ரொட்டி, சோறு ஆகியவை பெரும்பாலும் கிடைக்கும். தேநீரில் அவர்கள் போடும் சர்க்கரையின் முன் நம் கோப்பிக்கடைத் தே தோற்றுவிடும். நீரிழிவு உள்ளவர்கள் முதல் குவளைக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி (உட்லண்ட்ஸ்): வெட்டவெளியில் படுத்தால் தேள் வருமா? நட்சத்திரங்களுக்காகத்தான் வருகிறேன்.

பதில்: தேள் உண்டு; வெப்ப மாதங்களில் நடமாட்டம் அதிகம். காலணிகளை உதறிவிட்டு அணியுங்கள், கற்களைப் புரட்டாதீர்கள், இருட்டில் கைவிளக்கில்லாமல் நடக்காதீர்கள். நட்சத்திரம் பார்க்க அமாவாசையை ஒட்டிய நாள்களைத் தேர்ந்தெடுங்கள். பால்வீதியின் ஒளிமிக்க நடுப்பகுதி டிசம்பர் இரவில் தெரியாது, கோடை மாதங்களில்தான் நன்கு தெரியும். சிங்கப்பூரில் அடிவானத்தோடு ஒட்டிக் கண்ணுக்கே படாத துருவ நட்சத்திரம், அங்கே ஏறத்தாழ 30 டிகிரி உயரத்தில் நிற்கும்.

கேள்வி (ஜூரோங்): தொழுகைக்கு வசதி உண்டா? பணம் எப்படி எடுத்துச் செல்வது?

பதில்: வழிகாட்டிகளும் முஸ்லிம்களே, நேரத்தையும் கிப்லாவையும் (தொழும் திசையையும்) அவர்களே சொல்வார்கள். தண்ணீரை மட்டும் சிக்கனமாகப் புழங்குங்கள். பணத்தை ஜோர்தான் தினாராக, சில்லறை நோட்டுகளோடு, சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அகபா நகரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஜோர்தான் பாஸ் என்ற சுற்றுப்பயணிகளுக்கான கூட்டு நுழைவுச்சீட்டு வாங்கியிருந்தால் வாதி ரம் நுழைவுக் கட்டணம் அதில் அடங்கிவிடும். முகாமுக்கும் ஜீப்புக்கும் தனியே கொடுக்க வேண்டும்.