ராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்

கேள்வி: உயர் பகு எண்களுக்கு ராமானுஜன் தயாரித்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறதாமே? அது எந்த எண்? அதை எந்தெந்த வகைகளில் சேர்க்கலாம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்மைதான். அந்த எண் 2,93,31,86,25,600. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சும் எண்ணே உயர் பகு எண். 12க்கு ஆறு காரணிகள் உண்டு. 1 முதல் 11 வரை எதற்கும் அத்தனை இல்லை. இவற்றை விரிவாக ஆராயும் ராமானுஜனின் கட்டுரை 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் வழங்கியதற்கு அடிப்படையும் அதுவே.

நம் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என்று வரும். அடுக்குகள் ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, அதாவது 5040 காரணிகள். இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை என்பதையும், அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என்று ஏறாமல் இறங்கியே செல்வதையும் கவனியுங்கள். உயர் பகு எண் ஒவ்வொன்றுக்கும் இந்த அமைப்பு கட்டாயம். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 ஆகிய இரண்டைத் தவிர எங்கும் 1 ஆகவே இருக்கும் என்பதும் அக்கட்டுரையில் நிறுவப்பட்டது. ஆனால் இந்த அமைப்பு இருந்தால் மட்டும் போதாது. காரணிகளை இடம் மாற்றிப் பார்த்தாக வேண்டும். ஒரு 7ஐ நீக்கி 5ஐச் சேர்த்தால் எண் சிறிதாகிறது, ஆனால் காரணிகள் 4480 ஆகக் குறைகின்றன; ஒரு 3க்குப் பதில் 2ஐ வைத்தால் 4608 தான் கிடைக்கும்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். தன்னை நீக்கிய மற்றக் காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணைப் போல் ஏறத்தாழ 4.6 மடங்கு வருவதால் இது மிகை எண். ஒற்றைப்படை அடுக்குகள் இருப்பதால் முழு வர்க்கமன்று. இலக்கங்களின் கூட்டுத்தொகையான 45ஆல் மீதியின்றி வகுபடுவதால் இந்தியக் கணிதவியலர் கப்ரேகர் வகுத்த ஹர்ஷத் எண்களிலும் ஒன்று. ஆயினும் அது பத்தடிமானத்தில், அதாவது 0 முதல் 9 வரையான பத்து இலக்கங்களைக் கொண்டு, எழுதுவதால் மட்டுமே வரும் பண்பாதலால் நான் அதற்கு அதிக மதிப்புத் தருவதில்லை.

காரணிகளின் எண்ணிக்கையான 5040 தானும் ஓர் உயர் பகு எண் என்பதுதான் எனக்கு வியப்பளிக்கிறது. அதற்கு 60 காரணிகள், 60க்கு 12, 12க்கு 6, 6க்கு 4. இவை எல்லாமே உயர் பகு எண்கள்.

102 எண்கள் கொண்ட அந்த அட்டவணை 67,46,32,83,88,800இல் முடிகிறது. விடுபட்ட எண்ணை அடுத்த பகா எண்ணான 23ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்தக் கடைசி எண்ணே விடையாக வரும்.