செயின் சா: எது காப்பு, எது அலங்காரம்?

மரம் அறுக்கும் மெஷின்களில் வரும் கூடுதல் பாதுகாப்பு வசதிகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் 22 ஆண்டுகளாக மரம் அறுக்கிறேன். கடைசி 10 ஆண்டுகளாகப் பட்டறையில் பழுதும் பார்க்கிறேன். என் படிப்பு அவ்வளவுதான். தொடங்கும் முன் ஒரு வார்த்தை: 'செயின் சா' என்பதோடு எந்த உருபைச் சேர்த்தாலும் 'சாவில்', 'சாவுக்கு' என்று அபசகுனமாக வந்து நிற்கிறது. அதனால் மெஷின் என்றே எழுதுகிறேன். எங்கள் ஆட்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

கேள்வி (தென்னை விவசாயி, பேராவூரணி): ஐயா, சாதாரண செயின் பிரேக் உள்ள மெஷினும் 'இனர்ஷியா' பிரேக் உள்ள மெஷினும் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: இல்லை. இரண்டுக்கும் இடையில் ஒரு முகம் இருக்கிறது, உங்கள் முகம்.

செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டை 'பார்' என்போம். அந்த பார் நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் செயின் அங்கே கவ்வி, மெஷினையே மேலும் பின்னுமாகத் தூக்கி எறியும். நாங்கள் இதை 'உதை' என்போம். முழு வேகத்தில் செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. உதை வந்து முடிய நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். மனிதனுக்குக் கண்ணில் பட்டதைக் கையால் தடுக்க அதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். சாதாரண பிரேக்கில், மெஷின் மேலே வரும்போது உங்கள் இடது மணிக்கட்டு, முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் முன்காப்பில் இடித்தால்தான் செயின் நிற்கும். கை வழுக்கியிருந்தாலோ, மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தாலோ இடிக்காது. இனர்ஷியா பிரேக்குக்குக் கை வேண்டாம். பஸ் சட்டென்று கிளம்பும்போது நிற்பவர் பின்னால் சாய்கிறார் அல்லவா, அதே கணக்கு. மெஷின் திடீரென்று எகிறும்போது முன்காப்பு தன் எடையால் பின்தங்குகிறது, பிரேக் விழுகிறது. பிரேக் விழுந்தபின் செயின் சராசரியாக 0.12 நொடிக்குள் நிற்க வேண்டும் என்பது சர்வதேசத் தர அளவு.

கஜா புயல் உங்கள் ஊர்ப்பக்கம்தானே வந்தது. 2018 நவம்பர் 16. அடுத்த வாரமே எங்கள் குழு பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடையில் ஒரு தோப்பில் இறங்கியது. மரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன, மட்டைக் குவியலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒரு மரத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது அதைத் தாண்டிப் போன பார் நுனி, மட்டைக்குள் மறைந்து கிடந்த இன்னொரு மரத்தில் பட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். பார் என் மூக்குக்கு நேரே செங்குத்தாக நிற்கிறது; இன்ஜின் உறுமுகிறது, செயின் ஓடவில்லை. மேலுதட்டில் ஏதோ பிசுபிசுத்தது. ரத்தம் என்று நினைத்துத் துடைத்தேன், செயின் ஆயில். என் மணிக்கட்டு காப்பில் படவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இன்று நல்ல மெஷின்கள் எல்லாவற்றிலும் இனர்ஷியா பிரேக் உண்டு. மலிவு மெஷின்களில் முன்காப்பு இருக்கும், அதன் எடையும் ஸ்பிரிங்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வாங்கும்முன் கடையிலேயே பாருங்கள்: இன்ஜினை அணைத்து, பிரேக்கை விடுவித்து, ஒரு மரக்கட்டைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் மெஷினைக் கிடையாகப் பிடியுங்கள். பின் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு முன் கையை எடுத்துவிடுங்கள். பார் நுனி கட்டையில் விழுந்ததும் பிரேக் தானாக விழ வேண்டும். விழவில்லையா, வேறு மெஷினைப் பாருங்கள். கடைக்காரர் சோதிக்க விடவில்லையா, வேறு கடையைப் பாருங்கள்.

கேள்வி (மரம் வெட்டும் தொழிலாளி, பொள்ளாச்சி): அண்ணா, பார் நுனியில் மாட்டும் மூடி பற்றிக் கேள்விப்பட்டேன். நுனியே மரத்தில் படாது என்றால் உதையே வராதே, பிறகு பிரேக் எதற்கு?

பதில்: கணக்கு சரிதான். அந்த மூடி இருக்கும்வரை உதை வராது. அமெரிக்காவில் வீட்டு உபயோக மெஷின்களோடு கொடுத்தும் வந்தார்கள். சிக்கல் என்னவென்றால், பாரின் நீளத்தைவிடத் தடித்த மரத்தை அதை வைத்துக்கொண்டு அறுக்க முடியாது, நுனியைக் குத்தி உள்ளே இறக்கவும் முடியாது. தொழில் செய்கிறவன் மூன்றாம் நாள் கழற்றிவிடுவான். கழற்றியது திரும்பப் பூட்டப்பட்டதாக நான் பார்த்ததில்லை. வீட்டில் முருங்கைக் கிளை கழிக்கிறவருக்கு நல்லது. உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி (எஸ்டேட் மேற்பார்வையாளர், கூடலூர்): சில்வர் ஓக் கிளைகளைக் கழிக்க இரண்டு மெஷின் வாங்க வேண்டும். பின் கைப்பிடியை விட்டாலே செயின் நிற்கும் மாடல், வலது கையாலும் பிரேக் விழும் மாடல் என்றெல்லாம் வருகின்றனவே, விலைக்குத் தகுமா?

பதில்: முதலாவது ஸ்டில் நிறுவனத்தின் 'குவிக்ஸ்டாப் பிளஸ்'. வலது கை பின் கைப்பிடியை விட்டதும் ஒரு நொடிக்குள் செயின் நிற்கும். இரண்டாவது ஹஸ்க்வர்னாவின் 'ட்ரையோபிரேக்'. இடது கை, இனர்ஷியா என்ற இரண்டு வழிகளோடு, வலது கைக்கு மேலே உள்ள காப்பில் கை இடித்தாலும் பிரேக் விழும்.

முதலாவதற்கு நான் கூடுதல் பணம் கொடுப்பேன். காரணம் என் இடது முழங்காலுக்கு மேலே இருக்கிறது, 11 தையல். அது உதையால் வந்த காயம் இல்லை. வெட்டு முடிந்தது, பின் கைப்பிடியில் வேகம் கூட்டும் விசையை விட்டேன், அடுத்த கிளைக்குத் திரும்பினேன். இன்ஜின் ஓட்டம் தணிந்தாலும் செயின் உடனே நின்றுவிடாது. அந்த மெஷினில் ஐடில், அதாவது விசையைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம், வேறு கூடுதலாக வைக்கப்பட்டிருந்தது. ஓய்ந்துகொண்டிருந்த செயின்தான் கிழித்தது. வலியே இல்லை, வேட்டி நனைவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பட்டறைக்கு வருகிறவர்களிடம் காயக் கதை கேட்பது என் வழக்கம். வெட்டும்போது பட்டதைவிட, வெட்டி முடித்தபின் பட்டதாகச் சொன்னவர்களே அதிகம்.

ட்ரையோபிரேக் கெட்டதில்லை. தோளுக்கு மேல் தூக்கி அறுக்கும்போதும், படுகிடையாக அறுக்கும்போதும் இடது மணிக்கட்டு காப்பிலிருந்து விலகிப் போய்விடும். அப்போது வலது கை உதவும். ஆனால் முதலில் தோளுக்கு மேல் தூக்கி அறுக்கவே கூடாது. செய்யக் கூடாததைச் செய்யும்போது உதவும் வசதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பொறியியல் மாணவர், கோவை): சார், மரப்பட்டறை வட்ட ரம்பத்தில் 'சாஸ்டாப்' என்று ஒன்று உண்டு. விரல் பட்டால் நொடியில் ஆயிரத்தில் சில பங்குக்குள் ரம்பம் நிற்கிறது. இதை ஏன் செயின் மெஷினில் வைக்கவில்லை?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. சாஸ்டாப் தோலின் மின்கடத்தலை உணர்ந்து வேலை செய்கிறது. காய்ந்த பலகைக்கு அது சரி. ஈர மரமும் மின்சாரத்தைக் கடத்துமே. அங்கேயே ஈரப் பலகையில் தவறாக விழுந்துவிடும் என்பதால் அணைத்துவைக்க வழி கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு வருவது முழுக்க ஈர மரம். அதிலும் நேற்றுவரை நின்ற தென்னையை அறுத்தால் தண்ணீர் சொட்டும். நிமிடத்துக்கு ஒரு முறை விழும் பிரேக்கை எந்தத் தொழிலாளியும் இரண்டாம் நாள் வைத்திருக்க மாட்டான். இன்னொன்று: வட்ட ரம்பம் மேசையோடு இறுகி நிற்கிறது. விழுந்ததும் அலுமினியக் கட்டை பல்லில் பாய்கிறது. அந்தக் கட்டையையும் ரம்பத்தையும் மாற்ற வேண்டும். கையில் பிடித்திருக்கும் மெஷினில் அப்படி ஒன்று பாய்ந்தால் அந்த வேகமெல்லாம் எங்கே போகும்? உன் மணிக்கட்டுக்குத்தான். ஈர மரத்தையும் சதையையும் பிரித்தறியும் வழி உனக்குத் தோன்றினால் எழுது. கிண்டலாகச் சொல்லவில்லை.

கேள்வி (தோட்ட உரிமையாளர், தென்காசி): கூலிக்கு வருகிறவர்கள் தங்கள் மெஷினோடு வருகிறார்கள். எனக்கு இயக்கத் தெரியாது. வேலிக்கு உள்ளே விடும்முன் நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: அம்மா, ஐந்து நிமிட வேலை. முன்காப்பைத் தள்ளச் சொல்லுங்கள். 'டக்' என்று விழ வேண்டும், விழுந்தபின் கையால் இழுத்தாலும் செயின் நகரக் கூடாது. பின் கைப்பிடியின் மேலுள்ள பூட்டை அமுக்காமல் விசையை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அழுந்தக் கூடாது. இன்ஜினை ஓட்டி, விசையைத் தொடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். செயின் தானாக நகர்ந்தால் ஐடில் திருகைச் சரிசெய்யும்வரை வேலை வேண்டாம். கடைசியாக, இன்ஜினை அணைத்த பின், பார் மெஷினோடு சேரும் இடத்துக்குக் கீழே குனிந்து பாருங்கள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நீட்டல் இருக்கும். அறுந்த செயின் பின்னால் பாய்ந்து வலது கையை அடிக்காமல் பிடித்துக்கொள்வது அதுதான். முக்கால்வாசிப் பழைய மெஷின்களில் அது உடைந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு.

மறந்துவிட்டேன்: லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறவரை உள்ளே விடாதீர்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கேள்வி (விவசாயி, ஈரோடு): உதை குறைக்கும் செயின் மெதுவாக அறுக்கும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: பல்லுக்கு முன்னால் சரிவாக ஒரு மேடு கூடுதலாக இருக்கும், நுனியில் மரம் ஒரேயடியாகக் கவ்வாமல் தடுப்பது அதுதான். பச்சை அடையாளம் போட்டவை உதை குறைந்தவை, மஞ்சள் அடையாளம் தொழில்முறைக்காரர்களுக்கு. குத்தி இறக்கும்போது மட்டும் வேகம் கொஞ்சம் குறையும், நேர் வெட்டில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. 'மெதுவாக அறுக்கிறது' என்று பட்டறைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை மழுங்கிய செயின்கள். தென்னையின் வெளிப்பட்டை ஒட்டிய வைரம் அரை நாளில் பல்லைத் தின்றுவிடும். விழுந்த மரத்தில் ஒட்டிய மணல் அரை நிமிடத்தில்.

இதில் ஒரு கைவேலை நடக்கிறது. மெஷின் வேகமாகக் கடிக்க வேண்டும் என்று எல்லாச் செயினிலும் பல்லுக்கு முன்னால், கடிக்கும் ஆழத்தைக் கட்டுப்படுத்த இருக்கும் மேட்டை அரத்தால் தாழ்த்திவிடுகிறார்கள். சாதாரண செயின்களில் அந்த மேடு பல்லின் முனையைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறக்கிவிட்டால் எந்தப் பிராண்டின் எந்தப் பாதுகாப்புச் செயினும் உதைக்கும் செயின்தான்.

கேள்வி (சேலம்): பேட்டரி மெஷின் பாதுகாப்பானதா? செயின் தடுக்கும் கால்சட்டை இந்த வெயிலுக்கு ஒத்துவருமா?

பதில்: பேட்டரி மெஷினில் விசையை விட்டதும் செயின் சட்டென்று நிற்கும், அது பெரிய நன்மை. ஆனால் சத்தம் இல்லாததால் அணைந்துவிட்டது என்று மனது நம்பிவிடுகிறது. மரத்தை விட்டு நகர்ந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள். கால்சட்டைக்குள் இருக்கும் நீண்ட இழைகள் வெளியே இழுபட்டு, பற்சக்கரத்தில் சிக்கிச் செயினை நிறுத்துகின்றன. முதல் வகுப்பு என்று போட்டிருந்தால் நொடிக்கு 20 மீட்டர் வேகத்துக்குச் சோதித்தது. மோட்டாரின் இழுவிசை விடாமல் இருப்பதால் மின்சார மெஷின்களில் அதே அளவு நம்ப முடியாது. வெயிலுக்கு முழுக்கால்சட்டை வேண்டாம், முன்பக்கம் மட்டும் மறைத்துப் பின்னால் வார் கட்டும் வகை போதும். வேர்க்கும். காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு முடித்துவிடுங்கள்.

கேள்வி (மதுரை): ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் செயின் பார் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: வாங்காதீர்கள். பிரேக் இல்லை, கையைக் காக்க ஒன்றுமே இல்லை. வாங்கிவிட்டீர்கள் என்றால் பழைய இரும்புக்குப் போடுங்கள்.

கேள்வி (30 ஆண்டு அனுபவம், செங்கோட்டை): இதெல்லாம் இல்லாமல்தான் தொழில் செய்தோம். வசதி கூடக்கூட ஆட்களுக்கு அசட்டைதான் கூடுகிறது.

பதில்: அண்ணா, அசட்டை கூடுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிரேக் இருக்கிறது என்று ஒற்றைக் கையால் அறுக்கிற பையன்களை நானும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பாதுகாப்பு வசதி இரண்டு வகை. ஒன்று, நாம் நினைத்து இயக்க வேண்டியது. இன்னொன்று, நாம் அசந்திருக்கும்போது தானாக இயங்குவது. முதல் வகை பற்றி நீங்கள் சொல்வது சரி. இரண்டாவது வகை, அசட்டையாக இருக்கிறவனுக்காகவே செய்தது. மாலை 4 மணிக்குக் களைத்துப்போன கையை நீங்கள் நம்புவீர்களா? நான் என் கையையே நம்புவதில்லை. ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்: மழைக்காலக் காலையில் உங்கள் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகின்றனவா? அதிர்வு தாங்கும் ரப்பர் இல்லாத பழைய மெஷின்கள் கொடுத்த கூலி அது. போனால் திரும்பாது.

கேள்வி (தஞ்சாவூர்): பிரேக் அடிக்கடி தானாக விழுந்து வேலையைக் கெடுக்கிறது. கழற்றிவிடலாமா?

பதில்: கூடாது. கிளட்ச் மூடிக்குள் மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து பிசினாக இறுகியிருக்கும், அல்லது முன்காப்பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயரை இழுத்துவிட்டு, மூடியைத் திறந்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் டிரம்மையும் அதைச் சுற்றி இறுக்கும் பிரேக் பட்டையையும் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் விழுந்தால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். மூடியைக் கழற்றும்முன் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். பிரேக் மூடியிலேயே இருக்கும் மாடல்களில், விழுந்த நிலையில் கழற்றினால் டிரம்மின்மேல் திரும்ப ஏறாது; இரவு 9 மணிக்கு எனக்குப் போன் செய்வீர்கள்.