ஃபியூயல் டெம்பரேச்சர் சென்சார்: மாற்றும் முன் சோதிப்பது எப்படி?

கேள்வி: என் 2016 மாடல் டீசல் காரில் ஃபியூயல் ஃபில்டர் மாற்றிப் பத்தே நாளில் இன்ஜின் லைட் எரிய ஆரம்பித்தது. ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்துவிட்டு, "பி0183 வருகிறது, ஃபியூயல் டெம்பரேச்சர் சென்சார் போய்விட்டது, ஃபில்டர் ஹவுசிங்கோடு செட்டாக மாற்ற வேண்டும்" என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் அளவுக்கு மேல் இருக்கிறது என்பதுதான் பி0183 என்ற கோளாறுக் கோடுக்கு அர்த்தம். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவிலிருந்து சென்சாருக்கு 5 வோல்ட் வருகிறது. டீசல் சூடாகச் சூடாகச் சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறையும், வோல்டேஜும் இறங்கும். எங்காவது தொடர்பு விட்டுப்போனால் 5 வோல்ட் அப்படியே நிற்கும். ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். விட்டுப்போன இடம் சென்சாருக்குள்ளே, வயரில், பிளக்கில் என எங்கும் இருக்கலாம். ஃபில்டர் மாற்றிய கையோடு வந்திருப்பதால் முதலில் பிளக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பின்னில் பச்சை பூத்திருக்கிறதா, ஒரு பின் உள்ளே தள்ளிப்போயிருக்கிறதா, லாக் உடைந்து பிளக் ஆடுகிறதா? அவசரமாக ஃபில்டரைக் கழற்றும்போது வயரை இழுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, கிளிக் சத்தம் கேட்கும்வரை மாட்டுங்கள். இக்னிஷனை ஆன் செய்து, ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் (அந்தந்த நொடியின் அளவு) ஃபியூயல் வெப்பநிலையைப் பார்த்தபடி வயரை மெதுவாக அசையுங்கள். எண் சட்டென்று மைனஸ் 40க்குக் குதித்தால் கோளாறு அங்கேதான்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். பிளக்கைக் கழற்றிச் சென்சாரின் இரு பின்களுக்கு இடையே அளந்தால், பரவலாக உள்ள வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 30 டிகிரியில் 1,700 ஓம், 80 டிகிரியில் 300 ஓமை ஒட்டி வரும். மாடலுக்கு மாடல் இது கொஞ்சம் மாறும். மீட்டர் ஓப்பன் (உள்ளே தொடர்பே இல்லை) என்று காட்டினால் சென்சார் போய்விட்டது, சந்தேகமே வேண்டாம். அளவு சரியாக இருந்தால் வயர் பக்கப் பிளக்கில் இக்னிஷன் ஆனில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வயரிங்கைத் தேட வேண்டும். புதுச் சென்சார் போட்டாலும் லைட் அணையாது. ஃபில்டர் பிளக்கில் இரண்டுக்கு மேல் பின் இருந்தால் ஹீட்டருக்கான 12 வோல்ட்டும் அதில் வரலாம். வயரிங் படம் இல்லாமல் பின்களை இணைத்துப் பார்க்காதீர்கள், ஈசியூ எரிந்துவிடும்.

இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட், உள்ளே வரும் காற்று, ஃபியூயல் மூன்றின் வெப்பநிலையையும் பாருங்கள். சில டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஃபியூயல் மட்டும் 15 டிகிரி விலகினால் சென்சார் தவறாகக் காட்டுகிறது. அப்போது வரும் கோடு பெரும்பாலும் பி0181.

சில கார்களில் சென்சார் தனியாகவே கிடைக்கும், சிலவற்றில் ஹவுசிங்கோடுதான் வரும். உங்கள் சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் முதலில் விசாரியுங்கள். மாற்றினால் ஓ-ரிங்கும் புதிதாகப் போட்டு, ஹேண்ட் பம்ப் இருந்தால் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் செய்யலாம்.

வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடவும் வேண்டாம். ஈசியூ ஒரு கற்பனை வெப்பநிலையை வைத்துக்கொண்டுதான் இன்ஜினுக்குத் தரும் டீசல் அளவைக் கணக்கிடுகிறது. அதைவிட முக்கியம், ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் லைட் அடுத்து வரும் பெரிய கோளாறை உங்களிடம் சொல்லாது.